பத்தமடைப் பாயும் தாமிரபரணிக் கோரையும்

திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் உழவருக்குக் கோரை என்றால் களை. கிழங்கில் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் போதும், அடுத்த மழைக்கு மீண்டும் தலைகாட்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு கோரையோ, தெற்கே தாமிரபரணிக் கரையில் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தலைமுறைகளாகச் சோறிட்டு வந்துள்ளது.

பார்வைக்குப் புல்லைப் போன்றிருப்பினும் கோரை புல்லன்று. தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டைகள் தட்டுப்படும். ஆற்றோரச் சேற்றிலும் வாய்க்கால் விளிம்பிலும் செழிக்கும் இது, வேர்த்தண்டு மண்ணுக்குள் கிடப்பதால் அறுக்க அறுக்கத் தழைக்கும்.

சேரன்மகாதேவியை அடுத்த பத்தமடையில் இக்கோரையைப் பாயாக்கியோர் லெப்பை முஸ்லிம்கள். முரட்டுப் பாய் பல ஊர்களிலும் உண்டு. பத்தமடையின் சிறப்பு பட்டுப்பாய். நூறாண்டுகளுக்கும் முன்னர் ஹஸன் பாவா லெப்பை என்பவர், கோரையை ஓடும் நீரில் பல நாள் ஊறவிட்டால் அதனை மிக மெல்லிய இழைகளாகக் கிழிக்கலாம் எனக் கண்டறிந்தார் என்பது ஊர் மரபு. அந்த ஒரு படியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பச்சைத் தண்டைக் கீறி, வெயிலில் காயவைத்து, ஒரு வாரம் வரை ஆற்றில் அமிழ்த்தினால் அது ஊதிப் பருக்கும். மீண்டும் உலர்த்திக் கிழித்துச் சாயமேற்றி, பருத்தி நூல் பாவினூடே ஒவ்வோர் இழையாகக் கோப்பர். நுண்மையை 100, 120, 140 என எண்ணால் குறிப்பர். உயர்ந்த எண்ணில் ஒரு பாய் முடியப் பல வாரங்கள் செல்லும். தறிமுன் குனிந்திருந்தோர் பெரும்பாலும் பெண்கள். அவர்தம் பெயர்கள் எந்த ஏட்டிலும் எளிதில் ஏறவில்லை.

நபி (ஸல்) அவர்களின் விலாவில் ஓலைப் பாயின் தழும்பு பதிந்திருக்கக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்கலங்கிய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. பாய் நமக்கு எளிமையின் அடையாளம். அவ்வெளிய பொருளை நம்மவர் நெய்த நேர்த்தியால், 1953-இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு அது பரிசாகச் சென்றது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

ஆயினும் குறியீடு கூலியை உயர்த்திவிடாது. மலிவான நெகிழிப் பாய்கள் வந்தபின் தறிகள் குறைந்தன. இளையோர் வேறு தொழில்களை நாடுகின்றனர். நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் இன்று விரிந்திருப்பதும் ஆலைத் துணியும் நெகிழியுமே. மணமக்கள் பெயர் நெய்த நிக்காஹ் பாய்க்கு மட்டும் பத்தமடைக்கு இன்னும் ஆள் வருகிறது.