இந்த வாரம் எண்ணிக்கை எகிறிடுச்சு, முன்னுரைப்பை உடனே மாத்தணுமா?

ஒரு வட்டாரத்தில் வாரத்துக்குச் சுமார் 100 டெங்கிச் சம்பவங்கள் பதிவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் திடீர்னு 160.

எதை நம்புறது?

பழைய 100ஐயே பிடித்துக்கொண்டால், பரவல் உண்மையிலேயே தொடங்கியிருக்கும்போது மருத்துவமனைகள் தயாராக இருக்காது. உடனே 160க்குத் தாவினால், தாமதமாக வந்த பரிசோதனை முடிவுகள் ஒன்றாகச் சேர்ந்ததை நோய்ப்பரவல் என்று நினைத்துவிடலாம்.

இந்தச் சிக்கலுக்கு உதவுவதுதான் பேய்சியன் முன்னுரைப்பு.

அது என்ன?

ஏற்கனவே தெரிந்ததையும் புதிய தகவலையும் சேர்த்து எடைபோடும் முறை. அடிப்படை யோசனை இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் பேய்ஸுடையது. அவர் மறைந்த பிறகு, 1763இல் அவரது கட்டுரை வெளியானது.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இரண்டு சந்தேகங்களை ஒப்பிடுவார்கள். பழைய கணிப்பு எவ்வளவு தவறலாம்? புதிய எண்ணிக்கை எவ்வளவு பிசகலாம்?

- இரண்டும் சமம் என்றால், புதிய கணிப்பு நடுவில்: 130.
- புதிய எண்ணிக்கைமீது மூன்று மடங்கு சந்தேகம் என்றால்: 115.

இந்த வார விடை அடுத்த வாரத்துக்குத் தொடக்கம். ஆனால் கொசு, மழை, மக்கள் நடமாட்டம் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு வாரமும் பழைய கணிப்பின்மீது சந்தேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். பழைய தகவலின் எடை மெல்லக் குறையும். "மாறும் மாதிரி" என்பதன் பொருள் அதுதான்.

மனிதருக்கு வேலை உண்டா?

உண்டு. 1960களில் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் விற்பனையை முன்னுரைத்த ஜெஃப் ஹாரிசன், இந்த முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். எண்களுக்கு இன்னும் தெரியாத செய்தியை மனிதர் முன்கூட்டியே சேர்க்கலாம் என்பது இதன் பலம்.

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தனர். முந்தைய வாரங்களின் எண்களுக்கு அந்த மாற்றம் தெரியாது. இத்தகைய நேரத்தில் சந்தேகத்தை வேண்டுமென்றே கூட்டினால், மாதிரி புதிய தகவலை வேகமாகக் கற்றுக்கொள்ளும். அந்த ஆண்டு 35,000க்கும் அதிகமான டெங்கிச் சம்பவங்கள் பதிவாயின. அது அதுவரை காணாத உச்சம்.

நாம் என்ன கவனிக்கலாம்?

"அடுத்த வாரம் 130" என்பது பாதி விடைதான். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதும் சேர்ந்தால்தான் அது முழு முன்னுரைப்பு. எத்தனை படுக்கைகளைத் தயாராக வைப்பது என்பதை முடிவுசெய்ய அந்த மேல் எல்லைதான் உதவும்.