பகற்குருடு

பகற்குருடு என்பது ஆந்தைக்குச் சொல்வது. கண்ணும் வெளிச்சமும் இருந்தும் எதிரே உள்ள உண்மையைப் பார்க்க மறுக்கும் மனிதருக்கு அது வசையான கதை சிதம்பரத்தைச் சேர்ந்தது.

தில்லைவாழ் அந்தணருள் ஒருவரான உமாபதி சிவாசாரியார், கோயில் பூசை முடித்துப் பட்டப்பகலில் தீவட்டி முன்செல்லச் சிவிகையில் வீடு திரும்பினார். வழியில் இருந்த, பின்னர் அவருக்குக் குருவான மறைஞானசம்பந்தர், பட்ட கட்டையில் பகற்குருடு போகிறது என்றார். செத்த மரத்தால் ஆன சிவிகை பட்ட கட்டை. பகலில் விளக்குத் தேவைப்பட்டவர் குருடர். உமாபதி இறங்கி அவர் பின்னே நடந்தார். நெசவாளர் தெருவில் பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியைக் குரு கையில் ஏந்திக் குடிக்க, ஒழுகியதைச் சீடர் பருகினார். தில்லைவாழ் அந்தணரான தீட்சிதர்கள் உமாபதியை ஒதுக்கி வைத்தனர். அவர் ஊருக்குக் கிழக்கே கொற்றவன்குடியில் தங்கினார். அவர் இல்லாமல் கோயில் கொடி ஏறவில்லை என்றும், அவர் கொடிக்கவி என்ற பாடலைப் பாடிய பிறகே ஏறியது என்றும் கதை தொடர்கிறது. இவை பக்தர்கள் எழுதிவைத்த குருபரம்பரைக் கதைகள். வரலாற்றுச் சான்றாக அப்படியே கொள்ள முடியாது. ஆனால் குத்து யார்மேல் விழுகிறது என்பது கவனிக்கத்தக்கது. படிக்காதவர் இவற்றில் பழிக்கப்படுவதில்லை, படித்தவரே பழிக்கப்படுகிறார்.

இரண்டு தலைமுறைக்கு முந்தைய கதையிலும் அதே நிலைதான். கடலூர் மாவட்டத் திருத்துறையூர் அருள்நந்தி, சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர். பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த சிறுவன் மெய்கண்டாரிடம் தம் மாணாக்கர் பாடம் கேட்பதைப் பொறுக்காமல் நேரில் போய், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தின் சொரூபம் என்ன என்று கேட்டார். சிறுவன் வாய் திறக்காமல் அவரை உச்சி முதல் பாதம்வரை பார்த்தான். அந்தச் சொரூபம் நீரே என்பது பார்வையின் பொருள். பண்டிதர் காலில் விழுந்து சீடரானார்.

இந்தக் குருட்டுத்தனத்துக்கு உமாபதி பின்னர் இலக்கணமே வகுத்தார். குறள் வெண்பாவால் ஆன அவரது திருவருட்பயனில் ஆணவத்தைப் பற்றி இருள்மல நிலை என்று ஓர் அதிகாரம் உண்டு. புற இருள் பொருளை மறைத்தாலும், இருட்டாக இருக்கிறது என்பதையாவது காட்டிவிடும். ஆணவம் தான் இருப்பதையும் சேர்த்து மறைக்கும் என்பது அவர் வாதம். ஆகவே, பகற்குருடர் தமக்குப் பார்வை இல்லை என்று அறியவே மாட்டார்.

1313இல் எழுதிய சங்கற்ப நிராகரணத்தில் அவர் மாற்றுக் கொள்கைகளை எதிர்கொண்டார். எதிர்த்தரப்பின் வாதம் சங்கற்பம், அதன் மறுப்பு நிராகரணம். மாயாவாதத்தில் தொடங்கும் அந்த வரிசையில், அவரது சைவ சித்தாந்தத்துக்கு மிக நெருக்கமான சைவவாதமும் தப்பவில்லை.