செய்தித்தாளும் இயக்குநர் குழுவும்: ஊடக நிறுவனங்களில் சார்பற்ற இயக்குநர்களின் பணி, மதுரை 2007ஐ முன்வைத்து

ஒரு நிறுவனத்தை நடத்தும் உரிமையாளர் தரப்போடு குடும்ப உறவோ குறிப்பிடத்தக்க பணத் தொடர்போ இல்லாமல் அதன் இயக்குநர் குழுவில் இடம்பெறுபவரை, 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் சார்பற்ற இயக்குநர் என வரையறுக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பொது நிறுவனங்களின் குழுவில் மூன்றில் ஒரு பங்கினராவது இத்தகையோராக இருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 149ஆம் பிரிவு விதிக்கிறது. குழுவின் தலைவரே உரிமையாளர் தரப்பினராக இருந்தால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகள் பாதிப்பேரைக் கேட்கின்றன. பொதுமக்கள் நம்பிப் போட்ட முதலைப் பெரும்பங்கு வைத்திருப்பவர் தம் விருப்பம்போல் கையாளாமல் காப்பதே இவ்விதிகளின் நோக்கம். சிமெண்ட் ஆலைக்கும் செய்தி நிறுவனத்துக்கும் பொதுவாக எழுதப்பட்ட இந்த ஏற்பாடு முதலீட்டாளரை மட்டுமே கருதுகிறது. வாசகர் என்றொருவர் இருப்பதை அது அறியாது. அதனால் தமிழ்நாட்டில் சார்பற்ற இயக்குநர் இருக்கும் இடத்தில் அவருக்குச் செய்தியைக் குறித்து எந்தப் பொறுப்பும் இல்லை. நாளிதழ் அச்சாகும் இடத்திலோ பெரும்பாலும் அவரே இல்லை.

இந்த இடைவெளி எவ்வளவு கொடியதாகலாம் என்பதை மதுரை கண்டது. கே. பி. கந்தசாமி 1977இல் தொடங்கிய ‘தினகரன்’ நாளிதழ் 2005இல் கலாநிதி மாறனின் குழுமத்துக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டே, 2006 ஏப்ரலில், சன் டிவி நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆனால் நாளிதழ் அந்நிறுவனத்துக்குள் வைக்கப்படாமல், கல் பப்ளிகேஷன்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் வசம் இருந்தது. 2007 மே 9 அன்று, அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பு அவ்விதழில் வெளியானது. மு. க. ஸ்டாலினுக்கு எழுபது விழுக்காட்டினரும் மதுரையில் செல்வாக்குடன் விளங்கிய மு. க. அழகிரிக்கு இரண்டே விழுக்காட்டினரும் ஆதரவு தெரிவித்ததாக அது கூறியது. அன்றே மதுரை உத்தங்குடியில் உள்ள அதன் அலுவலகத்தை ஒரு கும்பல் தாக்கிப் பெட்ரோல் குண்டுகளை வீசியது. கணினிப் பிரிவில் பணியாற்றிய இளைஞர் இருவரும் காவலாளி ஒருவரும் புகையில் சிக்கி உயிரிழந்தனர். விசாரணை நீதிமன்றம் 2009 டிசம்பரில் குற்றஞ்சாட்டப்பட்ட பதினேழு பேரையும் விடுவித்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 மார்ச்சில் அத்தீர்ப்பை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

குற்றத்தின் பொறுப்பு முழுவதும் தாக்கியவர்களுடையதே. கருத்துக்கணிப்பை வெளியிடும் உரிமை எந்த நாளிதழுக்கும் உண்டு, அதை இங்கு ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் நிறுவன ஆளுகையைப் பயில்வோர் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. இதழின் உரிமையாளர், கணிப்பின் பொருளாக அமைந்த முதலமைச்சருக்கு உறவினர். உரிமையாளரின் தம்பி தயாநிதி மாறன் அப்போது மத்திய அமைச்சர், அச்சம்பவத்தை அடுத்து அம்மாதத்திலேயே பதவி விலகியவர். உரிமையும் உறவும் ஆட்சியும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த நிலையில், ‘இந்த முடிவு ஆசிரியர் அறையில் எடுக்கப்பட்டதா, உரிமையாளர் வீட்டிலா? ஊழியர்களுக்கு என்ன பாதுகாப்பு?’ என்று நிறுவனத்துக்குள்ளிருந்தே கேட்கக் கடமைப்பட்ட ஒருவரும் சட்டப்படி தேவைப்படவில்லை. பங்குச் சந்தைகளின் பட்டியலிடல் ஒப்பந்தத்தின் 49ஆம் கூறு அன்று சன் டிவியின் குழுவில் சார்பற்ற இயக்குநர்களைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆனால் அவர்களது பொறுப்பு தொலைக்காட்சி நிறுவனத்தின் கணக்கேடுகளோடு முடிந்துவிட்டது. ஒரே உரிமையாளர், ஒரே செல்வாக்கு, இரண்டு நிறுவனங்கள் என்ற அமைப்பில் காவலுக்கு உட்பட்டது ஒன்றுதான்.

உரிமையாளரின் ஆளுமையே இதழின் ஆளுமையாக இருப்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. சி. பா. ஆதித்தனார் 1942 நவம்பரில் மதுரையில்தான் ‘தந்தி’யைத் தொடங்கினார், பின்னாளில் அவர் கட்சித் தலைவராகவும் சட்டமன்றப் பேரவைத் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கினார். ஆலை அதிபர் கருமுத்து தியாகராசர் மதுரையிலிருந்து ‘தமிழ்நாடு’ நாளிதழை நடத்தினார். இத்தகைய முதலாளிகளின் துணிவும் தமிழ்ப்பற்றும் இல்லாமல் தமிழ் இதழியல் வளர்ந்திருக்காது என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். ஆனால் தனி மனிதரின் நற்குணத்தில் நின்ற ஏற்பாடு அடுத்த தலைமுறையிலும் அப்படியே நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. சென்னையின் ‘தி இந்து’வில் 2011இல் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த சித்தார்த் வரதராஜன் ஆசிரியரானார், 2013 அக்டோபரில் உரிமைக் குடும்பத்தாரின் இயக்குநர் குழு சரிபாதியாகப் பிரிய, தலைவரின் முடிவு வாக்கால் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. முடிவு சரியா தவறா என்பது வேறு வழக்கு. அத்தனை பெரிய இதழின் ஆசிரியர் பதவி ஒரு குடும்பத்தின் உள்வாக்கெடுப்பில் தொங்கியதே கவனிக்கத்தக்கது.

பட்டியலிட்டால் போதுமே என்ற எண்ணமும் நெடுந்தூரம் செல்லாது. சார்பற்ற இயக்குநரை நியமிக்க உரிமையாளர் தரப்பல்லாத பங்குதாரர்களின் தனி ஒப்புதலும் வேண்டும் என்று 2021இல் செபி முன்வைத்த யோசனை, இறுதியில் சிறப்புத் தீர்மானம் என்ற நிபந்தனையாகச் சுருங்கியது. எதிர்ப்பு வாக்குகளைப்போல் மூன்று மடங்கு ஆதரவு கிடைத்தால் நிறைவேறுவது சிறப்புத் தீர்மானம். உரிமையாளர் தரப்பு சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 75 விழுக்காட்டை வைத்திருக்கும் நிறுவனத்தில் (சன் டிவி அவற்றுள் ஒன்று) அத்தரப்பு வாக்களித்தாலே தீர்மானம் நிறைவேறிவிடும். கண்காணிக்கப்பட வேண்டியவரே கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இந்த நிபந்தனை அசைக்கவே இல்லை.

எனினும் சார்பற்ற இயக்குநர் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுவதும் பிழை. ஜீ தொலைக்காட்சி நிறுவனத்தின் சார்பற்ற இயக்குநர்களுள் இருவர் 2019 நவம்பரில் விலகியபோது தம் கடிதங்களில் காரணங்களை வெளிப்படையாக எழுதினர். உரிமையாளர் குழும நிறுவனங்களின் கடனுக்காக ஜீயின் 200 கோடி ரூபாய் வைப்புத்தொகையை யெஸ் வங்கி எடுத்துக்கொண்டது அவற்றுள் ஒன்று. செபியின் ஆய்வுக்கு அக்கடிதங்களே வித்தாயின. அதன் 2023 ஜூன் இடைக்கால உத்தரவை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவ்வாண்டு அக்டோபரில் நீக்கியது உண்மையே. ஆனாலும் இயக்குநர் குழுவுக்கே தெரியாமல் அக்கடனுக்கு உத்தரவாதக் கடிதம் வழங்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு பொதுவெளிக்கு வந்ததற்கு அந்த விலகல் கடிதங்களே வழிவகுத்தன. பணத்தைப் பொறுத்தவரை அவர்களிடம் கேட்பதற்கான கேள்விகளும் ஆவணங்களும் சட்டத்தின் துணையும் இருந்தன. செய்தியைப் பொறுத்தவரை இவற்றுள் எதுவுமே இல்லை என்பதுதான் குறை.

அந்தக் குறையை நிரப்ப முயன்ற முன்மாதிரி லண்டனில் உண்டு. 1981இல் ரூபர்ட் மர்டோக் ‘தி டைம்ஸ்’, ‘சண்டே டைம்ஸ்’ இதழ்களை வாங்கியபோது, ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ சார்பற்ற தேசிய இயக்குநர்கள் எனப்பட்டோரின் பெரும்பான்மை ஒப்புதல் வேண்டும் என்று அரசுக்கு உறுதியளித்தார். மறு ஆண்டே ‘தி டைம்ஸ்’ ஆசிரியர் ஹரால்ட் எவன்ஸ் விலகினார். நீக்க ஒப்புதல் வேண்டும் என்ற விதி, ஓர் ஆசிரியர் தாமே விலகிச் செல்லும் அளவுக்கு நெருக்கப்படுவதைத் தடுக்கவில்லை. 2022இல் பிரிட்டிஷ் அரசு அவ்வுறுதிமொழிகளிலிருந்து நிறுவனத்தை விடுவித்தும் விட்டது. ஆசிரியர் வந்து முறையிட்டால்தான் விழிக்கும் காவல், வரவு செலவு ஒதுக்கீட்டாலும் அன்றாட நெருக்கடியாலும் எளிதில் சுற்றிக் கடக்கப்படும் என்பதே அங்கிருந்து பெறும் பாடம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், வெளியாரை ஆசிரியர் அறைக்குள் விட்டால் உரிமையாளரின் தலையீட்டோடு இன்னொரு தலையீடும் சேரும் என்பது. அச்சம் நியாயமானதே, எனவே எந்தச் செய்தி வரலாம், வரக்கூடாது என்பதில் சார்பற்ற இயக்குநருக்கு ஒரு சொல்லும் இருக்கலாகாது. ஆசிரியரின் நியமனம், பதவிக்காலம், விலகல் ஆகியவற்றில் ஒப்புதல் உரிமையும், உரிமையாளரின் கட்சி, உறவு, பிற தொழில்கள் தொடர்பான நலமுரண்களை ஆண்டுதோறும் பதிவுசெய்யும் கடமையும், ஊழியர் பாதுகாப்பைத் தாமாகவே ஆய்ந்து அறிக்கை கேட்கும் அதிகாரமும் அவருக்குப் போதும். விலகும் ஆசிரியரைத் தனியே சந்தித்துக் காரணம் கேட்பதும் அவரது கடமையாக வேண்டும். சட்டம் சார்பின்மையைப் பண உறவாலும் குடும்ப உறவாலும் மட்டும் அளப்பதும் ஊடகத்துக்குப் போதாது. உரிமையாளர் சார்ந்த கட்சியின் பொறுப்பாளரோ வழக்கறிஞரோ அந்த அளவுகோலில் எளிதாகத் தேறிவிடுவார்.

தனியார் நிறுவனத்தை இதற்கு எவ்வாறு கட்டுப்படுத்துவது என்ற கேள்விக்கு விடை நாளிதழ்களின் பக்கங்களிலேயே பல்லாண்டுகளாக இருந்துவந்துள்ளது. 1956ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மார்ச் மாதத் தொடக்கத்திலும், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர், மூலதனத்தில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்போர் ஆகியோரின் பெயர்களை நான்காம் படிவமாக இதழ்கள் சிற்றெழுத்தில் அச்சிட்டன. நிறுவனம் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்ற வேறுபாட்டை அந்த விதி பார்க்கவில்லை; நாளிதழ் என்பதே அதற்குப் போதுமான காரணமாக இருந்தது. பதிவின் வழியாக உரிமையை வெளிப்படுத்தச் சொல்ல முடிந்த அரசுக்கு, குறிப்பிட்ட விற்பனை அளவைக் கடந்த இதழ்கள் தம் உள்விதிகளில் இரண்டு சார்பற்ற இயக்குநர்களுக்கு மேற்சொன்ன உரிமைகளை எழுதிவைத்து, அவர்கள் பெயரையும் அவர்கள் பதிவுசெய்த நலமுரண்களையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று கேட்பதும் இயலாததன்று.