ஏடும் டிஸ்க்கும்

எழுத்தைச் சுமக்கிற பொருள் எதுவும் சாகாவரம் பெற்று வரவில்லை. 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, கை பட்டாலே உதிர்ந்துபோகும் சுவடிகளைப் பற்றித் தம் பதிப்புரையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஆனாலும் ஓலை நல்லது. ஓரம் பொடியும், பூச்சி துளைக்கும், நாள் நெருங்குவதைச் சொல்லிவிடும். கண்டவர்கள் புது ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். சங்க நூல்கள் பிழைத்தது அப்படித்தான்.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள். கொண்டது 50 லட்சம் எழுத்துகள். அதன் பேரப்பிள்ளைகள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கின்றன.

அவையும் குறி காட்டுவதுண்டு. கடையநல்லூரில் நண்பர் ஒருவர் வீட்டுக் கணிப்பொறியில் பார்த்தேன். உள்ளே 'டிக் டிக்' என்று ஓசை. ஒரு படம் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். சில கோப்புகள் திறக்கவேயில்லை. அன்றிரவே அவர் மகளின் கல்யாணப் படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றினோம். மறுவாரம் அது அடியோடு ஊமையாகிவிட்டது.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்த கூகிள் ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் ஒன்று சொன்னார்கள்: டிஸ்க் தானே குறித்துவைக்கும் முக்கியமான 4 அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே, கெட்டவற்றில் பாதிக்கு மேல் போயினவாம்!

சொல்லிவிட்டுப் போகிற பண்பு ஓலைக்கு இருந்தது. டிஸ்க்கை அப்படி நம்ப முடியாது. குறி கண்டால் அன்றே நகலெடுங்கள், காணாவிட்டாலும் எடுத்துவையுங்கள்.