தந்தை அறியாத கணக்கு

சிறுவனின் கொப்பியில் 5 + 6 = 13 என்றிருக்கிறது. பிழை என்கிறார் தந்தை. ஆசிரியரோ சரியடையாளம் இட்டிருக்கிறார். எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் அது சரியே: ஓர் எட்டும் மூன்று ஒன்றுகளும். 1960களின் அமெரிக்காவில், 'புதிய கணிதம்' புகுந்த வீடுகளில் எழுந்த திகைப்பு இவ்வகையானது.

இக்கணிதம் பிள்ளைகளின் தேவையிலிருந்து மட்டும் பிறந்ததன்று. 1957 ஒக்டோபர் 4ஆம் நாள் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்க ஆளும் வட்டாரங்கள் கலங்கின. மறு ஆண்டே தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. கல்விச் சட்டமொன்றின் பெயரில் 'பாதுகாப்பு' வந்து அமர்ந்ததை வாசகர் கவனித்தல் வேண்டும். அதே 1958இல், அரசின் விஞ்ஞான நிதியத்தின் பணத்தோடு, யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் பெகிலின் தலைமையில் பாடசாலைக் கணித ஆய்வுக்குழு தோன்றியது. இடைநிலை வகுப்புகளுக்கென எழுதத் தொடங்கியவர்கள் பின்னர் ஆரம்ப வகுப்புகளுக்கும் இறங்கினர். வாய்ப்பாடு இருந்த இடத்திலே தொடைகளும் பல அடி எண்முறைகளும் வந்தன.

நோக்கத்தை நான் பழிக்கவில்லை. பொருள் விளங்காது ஒப்பிக்கும் பிள்ளைகளை நாள்தோறும் வகுப்பிலே காண்பவன் நான். ஆனால் கல்வி பாடசாலை வாயிலோடு முடிவதில்லை. இரவில் விளக்கின் கீழே தாயும் தந்தையும் இரண்டாவது ஆசிரியராகின்றனர். அவர்கள் கையிலிருந்த அறிவு ஒரே தவணையிற் செல்லாக்காசாயிற்று. பெற்றோருக்கென மாலை வகுப்புகள் நடந்தன. கைந்நூல்கள் விற்பனைக்கு வந்தன. நூலை வாங்கிப் படிக்க ஓய்வுள்ளவன் தப்பினான். இரவு முறை வேலைக்குப் போகும் தொழிலாளி எவ்வகுப்புக்குப் போவான்?

1965இல் கணித ஆசிரியரும் நையாண்டிப் பாடகருமான டொம் லேரர் இதைப் பாடலாக்கினார். பிள்ளையின் கணக்கைச் செய்யமுடியாத பெற்றோரின் சங்கடத்தைச் சொல்லிவிட்டு, ஒரே கழித்தலைப் பத்தடியிலும் எட்டடியிலும் மேடையிலே செய்து காட்டினார். சபை சிரித்தது. 1973இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் மொறிஸ் கிளைன் தனி நூலொன்றே எழுதிக் கண்டித்தார். அப்பத்தாண்டிலேயே பாடசாலைகள் பழைய கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் திரும்பின.

2010இல் பொதுப் பாடத்தரம் என்ற பெயரில் மீண்டும் புதிய முறைகள் வந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றன. எட்டடிக் கணக்கோடு ஒருகாலம் தந்தையைத் திகைக்கவைத்த சிறுவர்கள் இப்போது பாட்டன்மார். பேரப்பிள்ளையின் கொப்பியிலே எண்கோடுகளைக் கண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டனர்.