ஸ்ருதி கலைத்தல்

1999 ஜூலையில் கலிபோர்னியாவின் ஆரஞ்ச் நகரில் ஒரு லாரி களவு போயிற்று. உள்ளே ஸோனிக் யூத் என்ற நியூயார்க் ராக் குழுவின் கிதார்களும் பிற சாதனங்களும் இருந்தன. வேறு குழுவாயிருந்தால் இதைப் பணநஷ்டமாக எழுதிவிட்டு, கடையில் அதே கிதார்களைப் புதிதாக வாங்கிக்கொண்டிருக்கும். இவர்களுக்கோ பல பாட்டுகளை வாசிக்கவே வழியில்லாமல் போயிற்று. பேனா தொலைந்தால் கவிதை தொலைவதில்லை. இங்கே தொலைந்தது. உருவம் எங்கே இருக்கிறது, படைப்பவன் மனத்திலா, அவன் கையிலுள்ள பொருளிலா என்ற பழைய கேள்வியை இந்தத் திருட்டு மறுபடி எழுப்புகிறது.

கிதாரின் ஆறு தந்திகளுக்கு வழக்கமான ஸ்ருதி ஒன்று உண்டு: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. பாடப்புத்தகங்களும் விரல்களின் பழக்கமும் இதன்மேல் நிற்பவை. ராக் சங்கீதத்தின் கலகம் பெரும்பாலும் இந்த ஸ்ருதிக்குள் நடந்த கலகம்தான். விலகியவர்கள் இல்லாமலில்லை. ப்ளூஸ் பாடகர்களும் ஜோனி மிட்செலும் தந்திகளை வேறுவிதமாகக் கூட்டினார்கள். 1964இல் லூ ரீட் ஒரு பாட்டுக்காக எல்லாத் தந்திகளையும் ஒரே ஸ்வரத்தில் வைத்தார். ஆனால் ராக்கில் இவை விதிவிலக்குகளாகவே நின்றன. விதிவிலக்கை அன்றாட வழக்கமாக்கியவர்கள் ஸோனிக் யூத்.

குழு தோன்றியது 1981இல். அவ்வாண்டு ஜூனில் தர்ஸ்டன் மூர் நியூயார்க்கின் ஒயிட் காலம்ஸ் ஓவியக்கூடத்தில் ‘நாய்ஸ் ஃபெஸ்ட்’ என்ற ஒன்பது நாள் விழாவை நடத்தினார். கிம் கார்டன் ஓவியக் கல்வியிலிருந்து வந்தவர். மூரும் லீ ரனால்டோவும் க்ளென் ப்ராங்காவின் கிதார் கோஷ்டியில் வாசித்தவர்கள். பல கிதார்களை விசேஷ ஸ்ருதிகளில் கூட்டி, சிம்ஃபனி அளவுக்குப் பேரொலியாக எழுப்பியவர் ப்ராங்கா. 1982இல் சிகாகோவில் அதைக் கேட்ட ஜான் கேஜ், ஒருவர் இச்சைக்கு மற்றவர்கள் அடங்கும் இந்த சங்கீதம் பாசிஸத்தை நினைவூட்டுகிறது என்ற பொருள்படக் கண்டித்தார். ப்ராங்காவுக்கு இது முழு நியாயம் செய்வதல்ல. எனினும் கேட்கவேண்டிய கேள்விதான்: சப்தத்தை விடுவிக்கிறவன் மனிதர்களைக் கட்டிப்போடலாமா? ஸோனிக் யூத்தின் சரித்திரத்தை இதற்கான ஒரு பதிலாகவே நான் பார்க்கிறேன்.

நல்ல கிதார்கள் வாங்க அவர்களிடம் பணமில்லை. கிடைத்த மட்டமான கிதார்கள் வழக்கமான ஸ்ருதியில் சோபிக்கவில்லை. ஆகவே ஒரு கிதார் எந்த ஸ்ருதியில் நன்றாகப் பேசுகிறதோ அதிலேயே அதை நிறுத்தினார்கள். ஒரு கிதாருக்கு ஒரு ஸ்ருதி, அதற்கு ஒன்றிரண்டு பாட்டுகள் என்றாயிற்று. தந்திகளுக்கடியில் ஸ்க்ரூடிரைவரையும் டிரம் குச்சியையும் செருகினார்கள். ஃபென்டர் கம்பெனியின் ஜாஸ்மாஸ்டர் அவர்கள் கைக்கு வந்ததும் இவ்வழிதான். 1958இல் ஜாஸ் கலைஞர்களை உத்தேசித்துச் செய்யப்பட்டு, அவர்களால் பெரிதும் ஏற்கப்படாமல், 1980இல் தயாரிப்பு நின்றுபோன வாத்தியம் அது. பழையதாக மலிவு விலைக்குக் கிடைத்தது. அதன் குதிரைக்குப் பின்னாலும் தந்தி கணிசமான நீளத்துக்கு ஓடுகிறது. அங்கே மீட்டினால் மணியோசை போன்ற ஒலி எழும். செய்தவர்கள் வாசிப்பதற்கென்று உத்தேசிக்காத இடம் அது.

பல தந்திகளை ஒரே ஸ்வரத்துக்குக் கூட்டுவதும் அவர்கள் வழக்கம். ஒரு தந்தி வினாடிக்கு 220 தடவையும் பக்கத்துத் தந்தி 222 தடவையும் அதிர்ந்தால் வினாடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும். ஸ்ருதி சேர்ப்பவன் இந்த விம்மல் மறையும்வரை முறுக்குவான். இவர்கள் அதை இருக்கவிட்டு அதைக் கொண்டே கட்டினார்கள். 1988இல் வந்த ‘டேட்ரீம் நேஷன்’ இரட்டைத் தட்டில் மூரின் கிதாரும் ரனால்டோவின் கிதாரும் இழையும்போது எது பிரதானம், எது பக்கபலம் என்று பிரிப்பது கஷ்டம். விரல்களுக்குப் பழகிய பாடம் அங்கே செல்லாது. ஒருவர் மற்றவரைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ப்ராங்காவின் சப்தம் இருக்கிறது, கட்டளையிடுபவர் இல்லை.

1990இல் ‘கூ’ என்ற தட்டுடன் அவர்கள் டேவிட் கெஃபனின் பெரிய கம்பெனிக்குப் போனார்கள். நிர்வாணா அங்கே சேர இவர்களும் ஒரு தூண்டுதல். 1991 கோடையில் இரு குழுக்களும் ஐரோப்பாவில் சேர்ந்து வாசித்தன. செப்டம்பரில் ‘நெவர்மைண்ட்’ வந்தது. ஓரத்துச் சங்கீதம் சந்தையின் நடுவுக்கு வந்துவிட்டது. ஸோனிக் யூத்தின் பாதிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்தக் கதையைத்தான். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2005ஆம் வருஷத்துத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் ‘டேட்ரீம் நேஷ’னைச் சேர்த்தது. 2009இல் ஃபென்டரே மூர், ரனால்டோ பெயர்களில் ஜாஸ்மாஸ்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீந்துவாரில்லாததால் கைக்கு எட்டிய பொருள், அந்தக் கை பட்டதாலேயே விலை ஏறிவிட்டது.

ஸ்தாபனம் இவர்களை விழுங்கிவிட்டது என்று இத்துடன் முடித்துவிட எனக்குச் சம்மதமில்லை. லாரி போன அதே வருஷம் நவம்பரில் வந்த ‘குட்பை ட்வென்டியத் செஞ்சுரி’யில் அவர்கள் ஜான் கேஜின் ஆக்கங்களை வாசித்திருக்கிறார்கள். எதை, எப்போது ஒலிப்பது என்ற தேர்வின் பெரும்பகுதியை வாசிப்பவர்களிடமே விட்டு கேஜ் எழுதியவை அவை. அடுத்த வருஷம், எஞ்சிய பழைய கிதார்களோடும் வாங்கிய புதியவற்றோடும் மறுபடி ஸ்ருதி தேடி ‘என்.ஒய்.சி. கோஸ்ட்ஸ் அண்ட் ஃப்ளவர்’ஸைச் செய்தார்கள். ஒரு விமர்சகர் அதற்குப் பூஜ்யம் மதிப்பெண் இட்டார். அது முழு வெற்றியல்ல என்று நானும் ஒப்புவேன். ஆனால் தொலைந்த கிதார்களின் நகல்களைச் செய்துகொண்டு பழைய பாட்டுகளோடு திருப்தியடையாமல், தெரியாத இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்களே, அதற்கு எந்த மதிப்பெண்?

2011 நவம்பரில் பிரேஸிலில் கடைசியாக வாசித்துக் குழு கலைந்தது. களவுபோன கிதார்களில் சில பின்னால் திரும்பக் கிடைத்தன. இன்று ஒரு ஏழைப் பையனுக்கு ஜாஸ்மாஸ்டர் எட்டாது. அது அவனுக்குத் தேவையும் இல்லை. கைக்கு எட்டுகிற ஏதோவொரு மட்டமான கிதார் எந்த ஸ்ருதியில் பேசும் என்று அவனே கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்கிறவன் ஸோனிக் யூத்தைப் போல ஒலிக்கமாட்டான். அவர்களுக்கு வாரிசு என்று யாராவது உண்டென்றால் அவன்தான்.