உளுந்து வெளுக்கிறதா? யூரியாவுக்கு முன் வேர்முடிச்சைப் பாருங்கள்

ஏனாத்தூர், உத்திரமேரூர் பகுதியில் நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டிருக்கும் விவசாயிகளே, இலை சற்று வெளுத்ததும் யூரியா வீசிவிடாதீர்கள்.

உளுந்தின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குத் தருகிறது. பதிலுக்குப் பயிர் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. மண்ணில் இட்ட யூரியா சில நாட்களில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுக்குச் சர்க்கரை அனுப்புவதைக் குறைக்கும். புது முடிச்சும் குறையும். முடிச்சுக்குள் நுழையும் நைட்ரேட்டிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி, அங்குள்ள சிவப்பு நிறமியைப் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாவுக்குப் பிராணவாயு கொண்டுபோவது அந்த நிறமிதான். இலவசமாக வந்ததை நிறுத்திவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்குகிறோம்.

விதைத்த 30-ஆம் நாள் வாக்கில் நான்கைந்து செடிகளை மண்ணோடு பெயர்த்தெடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை, பச்சை என்றால் நடக்கவில்லை. சிவப்பாக இருந்தும் இலை மஞ்சளானால் மஞ்சள் தேமல் நோயா, இரும்புச்சத்துக் குறைபாடா என்று பாருங்கள். தண்ணீர் தேங்கினாலும் காற்றின்றி முடிச்சு கெடும், முதலில் வடியவிடுங்கள்.

இறவை உளுந்துக்கு அடியுரமாக ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து போதும். அடுத்த முறை விதைக்கும்போது, 8 கிலோ விதைக்கு ஒரு பாக்கெட் (200 கிராம்) ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்துங்கள். பூஞ்சாணக் கொல்லி கலந்திருந்தால் 24 மணி நேரம் கழித்தே இதைச் செய்ய வேண்டும். பூக்கும்போதும் அதிலிருந்து 15 நாள் கழித்தும் 2 சத டிஏபி கரைசலை மாலையில் இலைவழியாகத் தெளிக்கலாம்.